சொந்தப் பெயரைச் சொன்ன வக்கீல்

அன்பு மகன் லூதருக்கு, கென்டக்கியிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம், ஊரில் பாதிப் பேருக்கு அது பொறுக்கவில்லை. நீயும் அந்தக் கலிஃபோர்னியக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் சுகமாயிருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்தது. எப்போதும் அப்பா பெயருக்கு வரும் உறையில் இந்தத் தடவை என் பெயரை மட்டும் எழுதியிருந்தாய், பார்த்தேன். அப்பா மேஜர் கிரிக்ஸ்பியிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால் கட்சி கைகழுவிவிடும், வக்கீல் தொழிலும் படுத்துவிடும் என்று உள்ளே புத்தி சொல்லியிருந்தாய். அங்கே பத்திரிகையில் என்ன போட்டார்களோ, நடந்ததை நான் சொல்கிறேன் கேள்.

நமக்குத் துணி வெளுக்கும் டோர்கஸ் விடுதலை பெற்றவள் என்று தெரிந்தும் மேஜர் அவளைத் தன் அடிமை என்று விற்கப் பார்த்தார், அப்பா வாதாடி மீட்டார். அந்த வயிற்றெரிச்சலில்தான் சட்டசபைத் தேர்தலில் மேஜர் அப்பாவை எதிர்த்து நின்றார். நம் ஊர் ஓட்டுதான் உனக்குத் தெரியுமே, கோர்ட்டில் வேட்பாளர் இருவரும் எதிரே உட்கார்ந்திருக்க, அவரவர் வந்து ஒரு பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். மேஜர் முறைத்துக்கொண்டிருந்தால் அப்பா பெயரைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்பா தூக்குமேடையிலிருந்து மீட்ட பில் டாக்கெட்கூடத் தரையைப் பார்த்தபடி கிரிக்ஸ்பி என்றான். வேட்பாளர்கள் மரியாதைக்கு எதிராளி பெயரைச் சொல்வது வழக்கம் இல்லையா, மேஜரும் காலையிலேயே இளித்துக்கொண்டு அப்பா பெயரைச் சொல்லியிருந்தார், அப்பாவுக்கு விழுந்த ஓட்டே அது ஒன்றுதான். அப்பா முறை வந்தது. எழுந்து நின்று, ஈனோக் ஹாஸ்கின்ஸ் என்று தன் பெயரையே சொன்னார். ஊரே வாயைப் பிளந்தது. "உமக்கு நீரே ஓட்டுப் போட்டுக்கிறீரே வக்கீலய்யா, வெக்கமா இல்ல?" என்றார் மேஜர். "இருக்கு மேஜர். ஆனா உம்ம பேரச் சொல்லியிருந்தா டோர்கஸ் மூஞ்சில முழிக்க முடியாது" என்றார் அப்பா.

பெண்களை உள்ளே விடமாட்டார்களே, நானும் டோர்கஸும் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தோம். இன்னும் யாராவது உண்டா என்று ஓட்டுகளை எழுதிக்கொண்டிருந்த ஷெரிப் கேட்டதும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை, ஈனோக் ஹாஸ்கின்ஸ் என்று கத்தினேன். என் பின்னாலேயே டோர்கஸும் சொன்னாள், அவளுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பார். "பொம்பளைங்க சொன்னா கணக்குல வராதும்மா" என்றார் ஷெரிப். "எழுத வேண்டாம், காதுல விழுந்தா போதும்" என்றேன். தோற்றோம். போகட்டும். அப்பா மன்னிப்புக் கேட்க மாட்டார், கேட்கக் கிளம்பினாலும் நான் வாசலை மறித்துக்கொள்வேன். அடுத்த தேர்தலிலும் நிற்பார்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொன்று, தபால் ஆபீசில் இப்போது மேஜரின் மைத்துனன் இருக்கிறான், வந்த கடிதங்களின் பெயரை ஊர் கூடி நிற்கும்போது உரக்கப் படிப்பவன் அவன்தான். இனி உறையில் அப்பாவின் முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுது. வாராவாரம் எழுது.

உன் அம்மா,
கெசியா ஹாஸ்கின்ஸ்