ஆறரை மீட்டர்

அன்பு மகள் ரெனேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாயும் சுகம். அலாஸ்காவில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சுகமாக இருக்க வேண்டும். ஏரியும் சுகம்தான், ஆனால் அதை எழுத என் கை எவ்வளவு மறுக்கிறது தெரியுமா.

பக்கத்து வீட்டு நார்மாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாயாமே. அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, காபிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். இருபத்திரண்டு வருஷமாகக் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று குறித்து வருபவள் நான். எட்டு வயதில் நீதான் படகில் உட்கார்ந்து பென்சிலை நக்கி நக்கி எழுதித் தருவாய். எனக்கு ஓர் அட்டைகூட வந்ததில்லை. இந்த வருஷம் சரிபார்க்க இன்னோர் ஆள் வேண்டும் என்று ஏரிச் சங்கத்தார் நார்மாவைச் சேர்த்தார்கள். ஒரே இடத்தில் எனக்கு ஐந்து மீட்டரில் மறைகிற தட்டு அவளுக்கு ஆறரையில்தான் மறைகிறதாம். போன மாதம் சங்கத்தின் பீன்ஸ் விருந்தில் அதை வாசித்துக் காட்டியபோது, ஏரியை அவளே துணி போட்டுத் துடைத்ததுபோல் எல்லோரும் கைதட்டினார்கள். அவளுடைய புளூபெர்ரி கேக்தான் முதலில் தீர்ந்தது, என்னுடையதில் பாதி வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அது நீர்மேல் பளபளப்பை அடக்கி, தட்டைக் கூடுதல் ஆழத்திலும் காட்டிவிடும், அதனால்தான் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. கையும் களவுமாகப் பிடிக்க, மறு வியாழன் நண்பகலில் அவளை என் படகில் ஏற்றினேன். அப்பா துடுப்புப் போட்டார். அவள் வெறுங்கண்ணோடுதான் வந்தாள். நிழல் பக்கம் கயிற்றை விட்டேன், ஐந்தில் மறைந்தது என்றேன். எங்கடி மறைஞ்சுது க்ளாடெட், பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குதே, விடு, இன்னும் விடு என்று கத்தினாள். ஆறு தாண்டியும் அவளுக்குத் தெரிந்தது. எனக்காக ஒரு பொய்யாவது சொல்வார் என்று உன் அப்பாவை எட்டிப் பார்க்கச் சொன்னேன். எனக்கும் தெரியுதே என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு கண் டாக்டரிடம் போனேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரையாம், அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. என் எழுத்து இப்படிப் பெரிதாக இருப்பதும் அதனால்தான். போன வருஷமும் இந்த வருஷமும் நான் எழுதியதெல்லாம் தப்பு. அந்த எண்களை நம்பித்தானே, எதிர்க்கரை பெல்லோ தன் புல்தரைக்குப் போடும் உரத்தால்தான் ஏரி கலங்குகிறது என்று அவரை ஊர் கேட்கத் திட்டினேன்? நார்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் படகுல ஒண்ணும் பாக்கலடி, உன் கணக்கை நீயே திருத்திக்கோ என்றாள். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே போய்ச் சேர வேண்டுமா? நேற்றுச் சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து, என் இரண்டு வருஷக் கணக்கையும் அடித்துவிடுங்கள் என்றேன், பெல்லோவிடம் மன்னிப்பும் கேட்டேன். ஒருவரும் கைதட்டவில்லை, நார்மாவைத் தவிர. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கண் தெளியும்வரை கயிறு அவள் கையில், பென்சில் என் கையில். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நார்மாவுக்கு எழுத வேண்டுமானால் எழுது. ஆனால் எனக்கு எழுதுவது அதைவிட நீளமாகவும், நானே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்திலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் அதையும் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுவாள்.

உன் அம்மா,
க்ளாடெட்