விரால் பிடித்த மேடு

கயிறும் குடையும் எடுத்தாகிவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன். கண்மாய்க்குள் கட்டிய புது வீடுகளில் இடுப்பளவு தண்ணீராம்.

மனை விற்கும் அழகுமலை பங்குனியில், "ஆடு மேயிற எடத்துல தண்ணி எங்கிட்டுங்க வரப்போகுது?" என்று இளித்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரான நீங்களும் 'தண்ணீர் நிற்காத மேடு, வீடு கட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்கு முந்தின தையில் அதே இடத்தில் பிடித்த விராலை, "நம்ம கண்மாய் மீனு ருசியே தனிடி" என்று சப்புக்கொட்டித் தின்றதும் நீங்கள்தான்.

சோறு வடித்திருக்கிறேன், ரசம் அடுப்பில். மீன் இனி இந்த வீட்டில் கிடையாது.

மிச்ச மனைகளுக்கு அனுமதி கேட்டு அழகுமலை வருவார். உள்ளே விடாதீர்கள். உங்கள் பேனாவை நான் கொண்டுபோகிறேன்.

வெந்நீர் போட்டு, என் பழைய சேலைகளை எடுத்து வையுங்கள். யாருக்கு என்று கேட்பீர்கள்.

தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஓடிப்போன மகள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று என் வாயை அடைத்தீர்கள். அதனால்தான் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அவளுக்கு இது நிறைமாசம். கண்மாய்க்குள் அந்தப் புது வீட்டு வரிசையில் கடைசி வீடு நம் சொர்ணத்துடையது.