நாற்பத்தொரு வெற்றுப் படங்கள்

ஜூன் 11, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று காபி. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்து கன்டெய்னர் யார்டிலிருந்து புகார். பெட்டியில் எங்கே அடிபட்டிருக்கிறதோ, போட்டோவில் அந்த இடத்தை மவுஸால் இழுத்துக் கட்டம் போட வேண்டும். கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்து அறிக்கையில் ஒட்டுவது நான் எழுதிய மென்பொருளின் வேலை. இரண்டாம் மேசையிலிருந்து போன நாற்பத்தொரு அறிக்கையிலும் படம் வெறுமையாம். மற்ற மேசைகளில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் மேசையில் இருப்பது பேச்சிச்செல்வி அக்கா மட்டும்தான்.

நான் இருபது தடவை போட்டுப் பார்த்தேன். மேலே இடது மூலையில் அழுத்தி, கீழே வலது மூலைவரை இழுத்து, விட்டேன். இருபதும் சுத்தமாக வந்தது.

எங்கள் கம்பெனி மேனேஜர் நேசக்குமார் சார் வந்து நின்றார். "தப்பு கோடிங்லயா, ஆளு மேலயா? ஒரு வரி எழுதிக் குடு ஜெனிலா."

எழுதிக் கொடுத்தேன். 'பயனர் பகுதியைத் தேர்வு செய்யாமலே சேமிக்கிறார்.'

ஜூன் 12, புதன்

ஒரே ஒரு வரிதானே? எதற்கு அதையே திரும்பத் திரும்பத் திறந்து படிக்கிறேன்?

ஜூன் 14, வெள்ளி

யார்டு கேட்டில் என்ட்ரி போடும் பெவின் போன் பண்ணினான். "அக்காவ மறுபடி வெளிய அனுப்பிட்டாவ. இப்ப நான்தான் அந்தச் சீட்டு."

பதினோரு வருஷம் வெயிலில் பெட்டி பெட்டியாகச் சுற்றி, அடிபட்ட இடத்தில் சாக்பீஸால் குறி போட்டவர் அக்கா. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகுதான் மேசை கொடுத்தார்கள். மே மாதம் நான் சொல்லிக்கொடுக்கப் போனபோது ஒரு பாலித்தீன் பை நிறைய நுங்கு வாங்கி வைத்திருந்தார். "பிள்ள, தப்பா அமுக்கிட்டா ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று நாலு தடவை கேட்டார். ஒன்றும் ஆகாது அக்கா என்று நாலு தடவையும் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

பெவின் போடுவதில் ஒன்றுகூட வெறுமை இல்லை. "பாத்தியா, ஆளுதான்" என்று சாருக்குச் சந்தோஷம்.

எனக்கு இல்லை. மறதி என்றால் சில தடவை மறக்கும், சில தடவை ஞாபகம் வரும். நாற்பத்தொரு தடவையும் ஒருத்தர் தவறாமல் மறப்பாரா? யார் எங்கே அழுத்தி எதுவரை இழுத்தார்கள் என்ற பதிவு சர்வரில் இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. ஆனாலும் இன்னும் திறக்கவில்லை. பயம், வேறென்ன.

ஜூன் 19, புதன்

பெவினுக்கு பிரிண்ட் எடுக்கக் காட்ட யார்டுக்குப் போனேன். அது சாக்குதான். அவன் பாட்டுக்கு மேலே அழுத்திக் கீழே இழுத்தான், என்னைப் போலவே. அவன் ஒருநாளும் பெட்டியில் சாக்பீஸ் பிடித்தவன் இல்லை.

வெளியே அக்கா. முட்டியில் பட்டை. குத்தவைக்க முடியாமல் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம்."

மே மாதம் நான் பிள்ளை. இப்போது மேடம்.

பக்கத்திலேயே நின்றேன். அக்கா ஒரு நசுங்கலின் அடியில் சாக்பீஸை வைத்தார். மேலே இழுத்துக் கட்டத்தை முடித்தார். அடுத்ததும் அப்படியே, கீழிருந்து மேலே. நான் குனிந்து பார்த்தேன்.

"எப்பவும் கீழ இருந்துதான் போடுவீங்களா அக்கா?"

"ஆமா. ஃபோர்க்லிப்ட் வண்டி இடிக்கது அடியிலதான. இடிச்ச எடத்துல வச்சி, நெளிவு எம்புட்டுத் தூரம் ஏறியிருக்கோ அம்புட்டுத் தூரம் இழுப்போம். இங்கன எல்லாரும் அப்படித்தான்."

"மவுஸ்லயும்?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேற எப்படி இழுக்கது?"

ஜூன் 20, வியாழன்

முதலில் அழுத்திய இடம்தான் கட்டத்தின் மேல் மூலை என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன். கீழிருந்து இழுத்தால் உயரம் மைனஸில் போகிறது. திரையில் பச்சைக் கட்டம் மட்டும் ஒழுங்காகத் தெரியும். அக்கா அதைப் பார்த்து, சரி என்று நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் சேமித்திருக்கிறார். வெட்டும் இடத்தில் மைனஸ் உயரத்துக்கு வெட்ட ஒன்றும் இல்லை.

பதிவைத் திறந்தேன். நாற்பத்தொன்றிலும் மைனஸ்.

திருத்தம் இரண்டே வரி. இரண்டு புள்ளியில் எது மேலே இருக்கிறதோ அதைத் தொடக்கமாக எடு, மைனஸைத் தூக்கு. பதிவிலிருந்த அக்காவின் பழைய எண்களை அதில் ஓட்டினேன். ஒவ்வொரு படமாக வந்தது. ஒவ்வொன்றிலும் நசுங்கல் நட்டநடுவில். ஒன்றுகூட விலகவில்லை.

பாத்ரூமில் போய் அழுதேன். ஏளா ஜெனிலா, பாக்காம எழுதுனது நீதான?

ஜூன் 21, வெள்ளி

சாரிடம் சொன்னேன். "புது அப்டேட்னு போட்டு விட்டுரு. நம்ம தப்புன்னு எழுத வேண்டாம். இத ரெண்டாவது யார்டுக்கும் விக்கப் பேசிக்கிட்டிருக்கோம்லா?"

கெட்ட மனுஷர் இல்லை. அப்டேட்டை இன்றைக்கே போட்டுவிட்டேன். ஆனால் அதில் படம்தான் சரியாகும். அக்கா வாளிமேல்தான் இருப்பார். என்னுடைய அந்த ஒரு வரி யார்டுக்காரர்கள் கையில் அப்படியே கிடக்கிறதே!

ஜூன் 23, ஞாயிறு

லீவுக்கு ஊரில் இருக்கிறேன், நாசரேத்தில். கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது வாய் தானாகச் சொன்னது, மனசு நாற்பத்தொன்றை எண்ணிக்கொண்டிருந்தது.

மத்தியானம் யார்டு மேனேஜருக்கு மெயில் அடித்தேன், சாருக்கும் ஒரு பிரதி. 'தவறு என்னுடையது. பேச்சிச்செல்வி நாற்பத்தொரு தடவையும் சரியாகவே குறித்திருக்கிறார். படங்கள் இணைப்பில்.' ஐந்து தடவை அழித்து எழுதிய பிறகுதான் அனுப்பினேன்.

சோறு இறங்கவில்லை. "என்னளா, கொழம்பு பிடிக்கலியா?" என்றாள் அம்மா.

ஜூன் 24, திங்கள்

என்னை யார்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவு. சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 27, வியாழன்

யார்டிலிருந்து பதில் இல்லை. பெவின் போனை எடுக்கவில்லை. நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தாயிற்று. மெயில் போனதா, படித்தார்களா, படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்களா?

ஜூலை 1, திங்கள்

யார்டு பதிவைப் பார்க்கும் அனுமதியை என்னிடமிருந்து எடுக்க மறந்திருக்கிறார்கள். பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன்.

இரண்டாம் மேசை. காலை 9.14-க்கு முதல் கட்டம். தொடக்கம் கீழே, முடிவு மேலே. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பதினொரு மணிக்குள் எட்டுக் கட்டம், எட்டும் கீழிருந்து மேலே. எட்டுப் படமும் சரியாக வெட்டுப்பட்டிருந்தது.

பெவின் அப்படி இழுக்க மாட்டான்.

மத்தியானம் நல்ல பசி.