சரிவில் தோண்டிய வெட்டிவேர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலை. போனில் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் நீ நட்டுவிட்டுப் போன வெட்டிவேர் என் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தது. நம் பக்கத்து ஆற்றோரத்தில் தானாக முளைக்கிற புல்தான், இன்று கடல் கடந்த வெயில் நாடுகளிலும் ரோட்டுச் சரிவுகளைப் பிடித்து நிறுத்துகிறது என்று சொன்னாய். "தாளை அறுத்து மாட்டுக்குப் போடுங்க, கூரைக்குப் போடுங்க, வேர்ல மட்டும் கை வைக்காதீங்கப்பா" என்றும் சொன்னாய். வைத்துவிட்டேன். இஸ்திரி போட்ட துணிகளுக்கு நடுவே நாலு வேரைச் செருகிக் கொடுத்தேன், வாசனையை மெச்சி வாடிக்கைக்காரர்கள் இரண்டு வார்த்தை சொன்னார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரத்தில் ஒரு தூர் என்று ஆரம்பித்து வரிசை முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டேன். போன வாரம் மூன்று நாள் விடாத மழை. சரிவு அப்படியே இறங்கி, கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் பின்னறைச் சுவரைத் தள்ளிவிட்டது. அந்தம்மா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார். தையல் மெஷின் மண்ணுக்குள் போய்விட்டது.

எல்லாரும் அந்தச் சரிவில் வாய்க்கால் கட்டிய கொத்தனாரைத் திட்டினார்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன், ஒரு நாள் வாய்விட்டே திட்டினேன். நாலாம் நாள் அவரே மண்வெட்டியோடு வந்து மண்ணை அள்ளிக்கொண்டே, "என் வேலையிலதான் ஏதோ கோளாறு போல அண்ணே" என்றார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, அவர் முன்னாலும் தையல்காரம்மா முன்னாலும், வேரைத் தோண்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். தையல்காரம்மாதான், "அப்ப நாலு நாளா எங்ககூடச் சேந்து அந்த மனுஷனைத் திட்டினீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டார்.

வேறு ஆளை வைத்துச் சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறேன். அம்மா பேசுகிறாள், ஆனால் தட்டை வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ தையல்காரம்மாவுக்குப் போன் பண்ணுவாய், தெரியும். எனக்காகப் பரிந்து பேசாதே. எனக்கும் "பரவாயில்லப்பா" என்று எழுதிவிடாதே, அதைச் சொல்ல வேண்டியவள் நீ இல்லை.

நீ பார்க்கும் சாலை வேலை நடக்கும் இடத்தில் மேட்டின் ஓரமாக நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உன் அப்பா