படி திரும்பும் இடத்தில் இரண்டு நாற்காலி

அன்புள்ள இந்தாவுக்கு,

நான் நலம். நீயும் மகளும் மருமகனும் அங்கே நலமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் இரண்டாம் மாடிப் பெண், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாளே, அவள்தான். முதல் வரியிலேயே எங்களுக்குள் தகராறு. "பாட்டி பேர் என்ன தாத்தா, மேல எழுதணும்ல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா' என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள், அதையே எழுது என்றேன். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். அங்கே படித்துக் காட்டும் நம் மகளும் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு உடனே மகளிடம் கொடுத்துவிடுகிறாய். அவள், "வீட்டைக் காலி பண்ணிட்டு நீங்களும் இங்கயே வந்துடுங்கப்பா, அம்மாவால இனிமே மூணு மாடி ஏற முடியாது" என்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை. வீட்டு ஓனரும் இருப்பதா போவதா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கேள்.

நம் கட்டடத்து இளசுகள் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம் போடுவார்கள் அல்லவா? "ஊரைத் திருத்தப் போகுதுங்க, முதல்ல மாடி விளக்கை அணைச்சிட்டு எறங்கட்டும்" என்று நீதான் கிண்டல் செய்வாய். குப்பைத் தொட்டி, தெருவிளக்கு என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். முட்டி முடியாமல் போன உன்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கிய அன்று, இதை எழுதும் இந்தப் பெண் வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறாள். மறுநாளே கதவு கதவாகத் தட்டி, யார் யார் தெருவில் இறங்கி எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டிருக்கிறாள். நம் எதிர்வீட்டு டீச்சரம்மா இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தெருவையே மிதிக்கவில்லையாம். பக்கத்துக் கட்டடங்களிலும் இதே கதைதான்.

முதலில் லிப்ட் வைக்கச் சொல்லி ஓனரிடம் போனார்கள். "லிப்டை எங்க வைக்கிறது, என் தலையிலயா?" என்று அனுப்பிவிட்டார். அடுத்து, முடியாதவர்கள் கீழே, முடிந்தவர்கள் மேலே என்று வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர், "நான் மேல வரேன், என் மெஷினையும் என் மாமியாரையும் யார் தூக்குவீங்க?" என்றார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

அடுத்த கூட்டத்தில்தான் வெல்டிங் பட்டறைப் பையன் பேசினானாம். ஒல்லிக்குச்சியாக இருப்பானே, எல்லோரும் கம்பி என்று கூப்பிடுகிற அவன்தான். ஏறுவது கஷ்டமில்லை, நடுவில் உட்கார இடமில்லாததுதான் கஷ்டம் என்றானாம். நீ ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து நின்று, "கொஞ்சம் இருங்க, வரேன்" என்பாயே, அது என் காதில் கேட்டது. ஒரு சினிமா தியேட்டரை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கேட்டு, எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பீரோ ஏற்றினாலும் இடிக்காது.

முதல் நாற்காலியைப் படி திரும்பும் இடத்துச் சுவரில் பொருத்தி, பலம் பார்க்க ரொட்டிக்கடைக்காரரை உட்காரச் சொன்னார்கள். அவர் உடம்புதான் உனக்குத் தெரியுமே. உட்கார்ந்தார், சுவர்ப் பூச்சோடு சேர்ந்து கீழே வந்தார். "என்னைக் கொல்லத்தான் கூட்டம் போட்டீங்களா?" என்று கத்தியதில் மூன்று மாடியும் கூடிவிட்டது. கம்பி அசரவில்லை. சுவரைக் குடைந்து அந்தப் பக்கம் இரும்புத் தகடு கொடுத்து மறுபடி பொருத்தினான். ரொட்டிக்கடைக்காரரும் மறுபடி வந்து உட்கார்ந்து பார்த்தார். இந்த முறை எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

அதுதான் அடுத்த தொல்லை. உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதில்லை. தையல்காரர் பேப்பரோடு வந்துவிடுகிறார். மறுபடி மொட்டைமாடி, மறுபடி கூட்டம். மூச்சு வாங்கி வருகிறவரைப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிட வேண்டும் என்று முடிவு. இப்போது தையல்காரர், "எனக்கும்தான் மூச்சு வாங்குது" என்று வாயைத் திறந்து காட்டுகிறார்.

போன வாரம் டீச்சரம்மா இறங்கினார். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்து, தெருவுக்கு வந்து, போகிற பஸ்ஸை எல்லாம் நின்று பார்த்தார். கடையில் ஒரு சீப்பு வாங்கினார். வீட்டில் இல்லாத சீப்பா? ஏறி வரும்போது, "சினிமாவுக்குப் போய் வருஷக்கணக்காச்சு, தியேட்டரே நம்ம படிக்கு வந்துடுச்சே" என்றார். பிறகு என்னிடம், "உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். அன்றுதான் இந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன்.

நீ ஏறும்போது சுவர்ப் பக்கமாகவே போவாய் என்று இளசுகளிடம் சொன்னேன். அந்தப் பக்கமும் கைப்பிடிக் குழாய் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக்கு முந்தின திருப்பத்தில் மட்டும் கம்பி இரண்டு நாற்காலி பொருத்தியிருக்கிறான். ஏனடா என்றதற்கு, "உங்க ரெண்டு பேருக்கும் தாத்தா. ஒருத்தர் உக்காந்து ஒருத்தர் நின்னா நல்லாவா இருக்கும்?" என்றான். சுவர் மூலையை ஒட்டிய நாற்காலி உன்னுடையது, அதில் நான் உட்காருவதில்லை. தையல்காரரையும் உட்கார விடுவதில்லை.

நாற்காலி வந்ததால் முட்டி சரியாகிவிடாது. அது எனக்குத் தெரியும். இறங்கும்போது நீ, "இந்தப் படிக்கும் எனக்கும் இத்தோட சரி" என்றதையும் நான் மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் மூட்டை சுமந்த தோள் இது. அன்று உன்னைத் தூக்க வேறு ஆட்கள் வந்தார்கள். உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன்.

வரப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், ஓனரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நானே அங்கே வந்துவிடுகிறேன். மகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மாதக் கடைசிக்கு முன்னால் நீயே போனை எடுத்துப் பேசு. மகளிடம் கொடுக்காதே.

வருவதாக இருந்தால் அவசரமில்லை. காலையில் ஏற ஆரம்பித்து மதியம் வீட்டுக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம். யாரும் உன்னைத் தூக்க வேண்டாம். இந்த முறை செருப்பு உன் காலிலேயே இருக்கட்டும்.

நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்.
(சொன்னது நான், எழுத்து இரண்டாம் மாடியுடையது.)