ஆமையின் வயிற்றுப் பெட்டி

மார்ச் 4

தம்பி ஓட்டும் விமானத்துக்கு நான் வைத்த பேர் ஆமை. முற்றுகையில் மாட்டிய ஊருக்குப் போய், அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எனக்கு நாலு முடி நரைத்துவிடுகிறது.

"காக்கா உன்னை முந்திக்கிட்டு போகுதாமேடா?"

"காக்காவுக்கு லைசென்ஸ் இல்லக்கா."

மார்ச் 6

கூடப் போன விமானம் திரும்பவில்லை. எஞ்சின் சூட்டை மோப்பம் பிடித்து வரும் ஏவுகணையாம். வேகமாகப் போகிறவன் தப்பிப்பான். ஆமை?

மார்ச் 9

ஆமையின் வயிற்றில் சுடர்ப்பெட்டி மாட்டினேன். பொத்தானை அமுக்கினால் சுடர்கள் எரிந்துகொண்டே விழும். அந்தச் சனியன் எஞ்சினை விட்டுவிட்டு அதுகள் பின்னால் ஓடும். எத்தனையோ வருஷமாக விமானங்களுக்குத் தகடு ஒட்டுகிறேன், ஒரே நட்டை மூன்று தடவை முறுக்கிப் பார்த்தது இன்றைக்குத்தான்.

மார்ச் 10

பெட்டியைக் கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டுப் போய் வந்திருக்கிறான்!

"அந்தக் கனத்துக்கு ரெண்டு பேரைக் கூட ஏத்தலாம்க்கா."

ஏன்டா, உன் உசுரு கனக்கலையா? கத்தினேன். காதில் வாங்கவில்லை.

மார்ச் 11

திரும்ப மாட்டினேன். சுடர்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, நட்டையும் போல்டையும் சேர்த்து வெல்டு வைத்து, ஆறினதும் சுடர்களைத் திரும்ப நிரப்பினேன். இப்போ கழற்றட்டும், பார்ப்போம்.

மார்ச் 12

காலையில் ஸ்பானரோடு மல்லுக்கட்டினான். "நட்டு ஏன்க்கா அசையல?"

"துரு பிடிச்சிருக்கும். உன் மூளை மாதிரி."

முறைத்துக்கொண்டே கிளம்பினான்.

சாயங்காலம் வந்துவிட்டான். பெட்டி காலி. ஏவுகணை சுடரைத் துரத்திக்கொண்டு போய்விட்டதாம். கட்டிப்பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான்.

"கனம் தாங்கல. ஏத்தின ரெண்டு பேரை இறக்கி விட்டேன். ஒரு பொண்ணு, அவ அப்பா. திரும்பி வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."



மார்ச் 13

பெட்டியைக் கழற்றச் சொல்வான் என்று பயந்தேன். சொல்லவில்லை. "என் சீட்டுக்கு அடியில இருக்கிற இரும்பை வெட்டி எடுக்கா. அந்த ரெண்டு பேருக்கு இடம் வேணும்."

துப்பாக்கிக் குண்டு துளைக்காமல் இருக்கப் போட்ட தகடு அது. கெஞ்சினேன். காலில்கூட விழுந்திருப்பேன் — தம்பி காலில் அக்கா விழுவதா? ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கிறதே, நான் என்னதான் செய்ய?

வெட்டினேன். சுடர்களை நிரப்பினேன்.

மார்ச் 14

ஆமை வந்தது. தம்பிக்கு ஒரு கீறல் இல்லை.

அந்தப் பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னால் அவள் அப்பா இறங்கவில்லை.

"நேத்து முழுக்க அப்பா வானத்தையே பாத்துக்கிட்டிருந்தாரும்மா. விடியறதுக்குள்ள போயிட்டாரு" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். தம்பியிடம் சொல்ல ஒரு கேலியும் வாயில் வரவில்லை.