யாரும் பேசாத பகுதிகள்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுவதும் ‘வெட்டு’ கருவிக்கு விளக்கம், மதியம் முழுவதும் ‘ஒட்டு’ கருவிக்கு. எங்கள் நிறுவனத்தின் வீடியோ எடிட்டிங் மென்பொருளை இனி ஏஜென்ட் எனும் ஏஐயே ஓட்டும். அதற்குக் கண் கிடையாது. எந்தக் கருவி என்ன செய்யும் என்று நான் எழுதும் விளக்கம்தான் அதற்குக் கண். எனக்குப் பெருமைதான். அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. “மிஷின் படிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?”

எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. நாலு வரி எழுதினால் மூன்றை வெட்டுவார். “ஏஜென்ட்டுக்குக் கதை வேணாம்மா. வேலைய மட்டும் சொல்லு.” அதனால் ‘மௌனத்தை நீக்கு’ கருவிக்கு ஒரே வரி எழுதினேன்: யாரும் பேசாத பகுதிகளை நீக்கும். அதிசயமாகப் பாராட்டினார்.

மார்ச் 6, வியாழன்

தம்பி தன் மாதிரி வகுப்பு வீடியோவை அனுப்பியிருக்கிறான். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலைக்கு. அவனுக்கும் காது கேட்காது. சைகை மொழியில் அவன் பின்னம் நடத்தினால் சுவருக்குக்கூடப் புரியும். வீடியோ பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாதாம், சனிக்கிழமை கடைசி நாள். ‘யோசிச்சு நிக்கிற இடம், போர்டு அழிக்கிற இடம்லாம் எடுத்துடு. நீதான் இதுல புலியாச்சே’ என்று செய்தி.

நானே வெட்டலாம். ஏஜென்ட்டிடம் கொடுத்தால் என் விளக்கங்களையும் சோதித்த மாதிரி இருக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தேவையில்லாத இடைவெளிகளை எடுக்கச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் ‘முடிந்தது’ என்றது. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதால் பார்க்காமலே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஐயோ.

இப்போதுதான் பார்த்தேன். நாற்காலி இழுபடுகிறது. கதவு சாத்தப்படுகிறது. யாரோ இருமுகிறார்கள். போர்டு அழிக்கும் இடம் பத்திரமாக இருக்கிறது, சத்தம் வருகிறதே! தம்பி கையைத் தூக்கியதும் காணாமல் போகிறான். பாடம் முழுக்கப் போய்விட்டது.

ஏஜென்ட்டைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எழுதியது நான். தம்பியோடு கையாலேயே சண்டை போட்டு வளர்ந்தவள், சத்தமில்லாவிட்டால் பேச்சில்லை என்று நினைத்து எழுதியிருக்கிறேன். புத்தி எங்கே போச்சு எனக்கு?

சாயங்காலம் தம்பி வந்தான். நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, கை மட்டும் படபடவென்று போனது.

“மிஷின் புதுசா என்ன பண்ணிடுச்சு? போன ஞாயித்துக்கிழமை மாமா பேசினாரு, எல்லாரும் சிரிச்சீங்க. என்னன்னு கேட்டேன். ‘ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்’னே. நீயும் வெட்டத்தான் செய்யற. வீடியோவை நானே பாத்துக்கறேன், நீ தொடாதே.”



மார்ச் 8, சனி

அனுப்பிவிட்டானாம். அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 10, திங்கள்

கத்தரியோடு மல்லுக்கட்டு. என் புது விளக்கம்: ஒலி குறைந்த பகுதிகளை நீக்கும். ஒலி இல்லாத இடத்திலும் ஒருவர் சைகை மொழியில் பேசிக்கொண்டிருக்கலாம். நீக்கும் முன் பயனரைக் கேள்.

“ரொம்ப நீளம்மா. எத்தனை பேருக்கு இப்படி நடக்கப்போகுது?”

“எங்க வீட்டுலயே நடந்துச்சு சார்.”

ஏஜென்ட் வெட்டிய தம்பி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

விளக்கத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இன்னும் இல்லை. ரோஷக்காரன்.

மார்ச் 28, வெள்ளி

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! அவன் சைகையைப் பேச்சில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளைக் கூட்டி வரலாமாம். தன் நண்பனைக் கூட்டிப் போகிறான். “ஏன், நான் வரக் கூடாதா?” என்று கேட்டேன்.

“நீ சுருக்கிடுவே.”

வலித்தது. இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

வேலை கிடைத்துவிட்டது. அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தம்பியை வாழ்த்த வந்த மாமா, அப்படியே தன் பழைய ஸ்கூட்டரை விற்ற கதையை, அன்று நாங்கள் சிரித்த அதே கதையை, மறுபடி ஆரம்பித்துவிட்டார். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை, போனை எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்து கையைத் தூக்கினேன். ஸ்கூட்டர், அதை வாங்க வந்த புரோக்கர், புரோக்கரின் மச்சான், மச்சானின் வயிற்று வலி — மாமா எதையும் விடவில்லை, நானும் விடவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. தம்பி போனைக் கீழே வைத்தான்.

“இதுக்கா அன்னிக்கு அப்படிச் சிரிச்சீங்க?” என்றான்.

மாமா தண்ணீர் குடிக்க நிறுத்தினார். நானும் கைகளை மடியில் போட்டேன். தம்பி என் முழங்காலைத் தட்டினான்.

“அப்புறம்? மச்சானுக்கு வயித்து வலி சரியாச்சா?”